இரண்டாவது கியரில் போன அம்சவள்ளி

சர்க்கரை ஆலையின் எடைமேடையில் முப்பத்தொரு வருஷம் உட்கார்ந்து கரும்பு வண்டிகளை எடை போட்டவன் நான். ஒரு கிலோ கூட்டியதில்லை, ஒரு கிலோ குறைத்ததில்லை. அத்தனை வருஷம் அடக்கி வைத்ததை எல்லாம் ரிடையர் ஆன பிறகு பேச்சில் கூட்டிக்கொண்டிருக்கிறேன். ஆகவே இதில் வரும் அளவுகளை மட்டும் கொஞ்சம் கழித்துக்கொள்ளுங்கள். நடந்தது நடந்ததுதான்.

ரிடையர் ஆன கையோடு கள்ளக்குறிச்சியிலேயே ஒரு பழைய வெள்ளைக் கார் வாங்கினேன். என்ன கார் என்று சொல்ல மாட்டேன். செய்தவனே அதை மறந்திருப்பான், நான் எதற்கு ஞாபகப்படுத்த? எனக்கு முன்னால் அதை வைத்திருந்தவர்கள் ஐந்து பேர். ஆளுக்கொரு வியாதியை அதில் விட்டுவிட்டுப் போயிருந்தார்கள். மழை பெய்தால் வெளியே நிற்பவனைவிட உள்ளே இருப்பவன் ஜாஸ்தி நனைவான். ஸ்டியரிங்கை இடது பக்கம் ஒடித்தால் ஹாரன் தானாக அடிக்கும். வலது பக்கம் ஒடித்தால் அடிக்காது. ஏன் என்று எந்த மெக்கானிக்காலும் சொல்ல முடியவில்லை.

இதெல்லாம் சில்லறை வியாதி. பெரிய வியாதி, அதற்குத் தானாகக் கிளம்பத் தெரியாது. சாவியைத் திருப்பினால் 'ங்கொர்ர்' என்று ஒரு கொட்டாவி விட்டுப் படுத்துக்கொள்ளும். அப்படியே கிளம்பினாலும் அதற்குப் பிடித்த இடம் வந்தால் நின்றுவிடும். நான் இறங்கிப் பின்னால் போவேன். ஸ்டியரிங்கில் என் சம்சாரம் அம்சவள்ளி உட்காருவாள். இரண்டாவது கியரைப் போட்டு, கிளட்ச்சை மிதித்துப் பிடித்துக்கொண்டு, நான் தள்ளிக்கொண்டே "வுடு!" என்று கத்தியதும் அவள் காலை எடுக்க வேண்டும். வண்டி வலிப்பு வந்த மாதிரி குலுங்கும், உயிர் வரும். உடனே நியூட்ரலுக்குத் தள்ளி, அணைந்துவிடாமல் ஆக்சிலேட்டரை மிதித்தபடி இருப்பாள். நான் ஓடிப்போய் ஏற, அவள் பக்கத்தில் நகர்ந்துகொள்வாள். இப்படிப் பத்தடி பத்தடியாகவே ஒன்றரை வருஷத்தில் சின்னசேலம் போய்த் திரும்புகிற தூரத்தை அவள் ஓட்டியிருப்பாள். அது அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

வினை எங்கே ஆரம்பித்தது என்றால், என் மகள் கமலா கல்யாணப் பந்தியில். மாப்பிள்ளைக்கு வெள்ளிமலையில் வாத்தியார் வேலை. அவர் குடும்பமும் மலைமேலேயே மளிகைக்கடை வைத்துக் குடியிருப்பவர்கள். பந்தியில் பாயசம் ஊற்றிய நேரத்தில் நான் ஆயிரம் பேர் முன்னால் (கழித்தால் நூற்றிருபது) எழுந்து நின்று, "எம் பொண்ணைத் தலப்பிரசவத்துக்கு எஞ் சொந்தக் கார்லதான் எறக்கிக்கினு போவேன்" என்று சொல்லிவிட்டேன். யாரும் கேட்கவில்லை. நானாகத்தான் சொன்னேன்.

கமலாவுக்கு ஆறாம் மாதம் நடக்கும்போது பொங்கல் வரிசை கொண்டு போனோம். திரும்பும்போது கார் சம்மந்தி வீட்டு வாசலிலேயே கொட்டாவி விட்டது. ஏழு ஆள் சேர்ந்து தள்ளினார்கள். அவர்களில் ஒருத்தர் அன்றைக்குத்தான் ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவர். சம்மந்தியம்மா ரங்கம்மாள் படியில் நின்று எல்லாவற்றையும் பார்த்தாள்.

"இன்னா சம்மந்தி, இந்த வண்டியிலயா எம் மருமவ எறங்கப் போறா? தள்றதுக்கு ஆளுங்களையும் சீரோட சேத்து அனுப்பணுமா?"

"சின்ன ரிப்பேருங்க…"

"ரிப்பேர் பண்ணுங்க, இல்ல வண்டியையே மாத்துங்க. வளகாப்பு வரைக்கும் டைம் இருக்குது. சொந்த வண்டின்னு பந்தியில எந்திரிச்சி சொன்னது நீங்கதான், வாடகை வண்டியெல்லாம் கொண்டாராதீங்க. முடியலன்னா சொல்லிடுங்க. மணலூர்பேட்டையில எம் பெரிய பொண்ணு வூடு இருக்குது. எந் தம்பி பச்சமுத்து ஜீப்புல கொண்டுபோய் வுட்டுடுவான். கமலா அங்கியே இருந்து பெத்துக்கட்டும்."

மலை இறங்கினோம். கோமுகி அணை பக்கத்தில் வந்ததும் அம்சவள்ளி சொன்னாள்: "எம் பொண்ணு தலப்பிரசவத்துக்கு இன்னொருத்தி வூட்டுல போய்ப் படுத்தானா, அப்புறம் நீங்களும் இந்த வண்டியும் குடித்தனம் பண்ணிக்கினு இருங்க. நான் இருக்க மாட்டேன்."

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. பழைய வேட்டிகளைக் கிழித்துத் துவைத்து அடுக்கி வைத்திருந்தாள். தூளி கட்ட உத்தரத்தில் கயிறு போட்டு, அதில் ஐந்து படி அரிசியைத் தொங்கவிட்டுத் தாங்குகிறதா என்றும் பார்த்திருந்தாள்.

சேலம் ரோட்டில் மெக்கானிக் கொளஞ்சியப்பன் ஷெட். வண்டியை மாற்றிவிடலாமா என்று போய்க் கேட்டேன். கையைத் துடைத்துக்கொண்டே இஞ்சினில் காது வைத்துக் கேட்டான். "மாத்தறதா? அய்யோ சார், பாவம் புடிச்சிக்கும். இஞ்சின் ராஜா மாதிரி இருக்குது. கார்ப்பரேட்டர்லதான் லேசா அழுக்கு." கார்ப்பரேட்டரைப் பார்த்தான். அடுத்த வாரம், "கார்ப்பரேட்டர் இப்ப ராஜா மாதிரி சார், டைனமோதான் மக்கர் பண்ணுது" என்றான். அதற்கடுத்த வாரம் டைனமோவும் ராஜா ஆனது. ஒரு வண்டிக்குள் இத்தனை ராஜாக்கள் இருந்தால் யார் யாருக்குக் கட்டுப்படுவார்கள்? வண்டி நின்றுகொண்டேதான் இருந்தது.

மாற்றிவிடலாம் என்று சின்னசேலத்துக்கு ஓட்டிக்கொண்டு போனேன். ஸ்டேஷன் பக்கத்தில் இருசப்பன் என்று ஒரு கார் புரோக்கர். சனியன் பிடித்த கார் அன்றைக்கு வழியில் எங்கேயும் நிற்கவில்லை. இருசப்பன் முன்னால் சாவியைத் திருப்பினேன், பூனைக்குட்டி மாதிரிக் கிளம்பியது. அதன் முகத்தைப் பார்த்தால் எனக்கே பாவமாகிவிட்டது.

"இத்த வுட்டுட்டு அத்த எடுத்துக்கங்க சார்" என்று இருசப்பன் ஒரு நீலக் காரைக் காட்டினான். உள்ளே உட்கார்ந்து சாவியைத் திருப்பினேன். 'ங்கொர்ர்.' அதே கொட்டாவி, அதே ராகம்.

"பேட்டரி லேசா எறங்கியிருக்கும் சார். ஒரு கை குடுங்க."

அதையும் தள்ளித்தான் கிளப்பினோம். என் சொந்தக் காரையே தள்ளிக்கொள்கிறேன் என்று திரும்பி வந்துவிட்டேன்.

ரிப்பேர் என்றால் கொளஞ்சியப்பன் சிரிக்கிறான், மாற்றலாம் என்றால் இருசப்பன் சிரிக்கிறான். காலையில் மாற்றிவிடலாம் என்று எழுந்திருப்பேன், சாப்பாட்டு நேரத்துக்குள் ரிப்பேர் போதும் என்றாகிவிடும். "முடிவு பண்ணீங்களா?" என்று அம்சவள்ளி கேட்கும்போதெல்லாம் தண்ணீர் குடிக்க ஆரம்பித்தேன். அந்த மூன்று மாதத்தில் நான் குடித்த தண்ணீரைச் சேர்த்து வைத்திருந்தால் அணை ரொம்பியிருக்கும்.

வளைகாப்புக்கு இரண்டு நாள் இருக்கும்போது கொளஞ்சியப்பன் ஒரு செல்ஃப் மோட்டாரைப் பொருத்தினான். "இனிமே நீங்க எறங்கித் தள்ளினா நான் எம் பேரை மாத்திக்கிறேன் சார்" என்றான்.

வளைகாப்பன்று காலையில் சாவியைத் திருப்பிய நொடியில் கிளம்பிவிட்டது. பின் சீட்டில் ஏழு பாத்திரத்தில் கலவை சாதம், பூ, பழம். வளையல் தட்டை அம்சவள்ளி மடியில் வைத்துக்கொண்டாள். பத்தரைக்குள் முதல் வளையலைப் போட்டுவிட வேண்டும், அதற்குமேல் நேரம் நன்றாக இல்லை. கச்சிராயபாளையத்தைத் தாண்டிக் கரும்புக்கு நடுவே பறந்தோம். மலை ஏற ஆரம்பித்ததும் எனக்குக் குஷி தாங்கவில்லை.

"பாத்தியா அம்சா? ரிப்பேர்தான் சரின்னு நான் அப்பவே…"

"பேசாதீங்க. அதுக்குக் காதுல வுழுந்துடும்."

விழுந்துவிட்டது. பாதி மலையில் ரோடு ஒரு மேட்டில் ஏறிக் கொஞ்ச தூரம் இறங்கி, மறுபடி ஏறும். அந்த மேட்டின் உச்சியில் கார் அடங்கியது. செல்ஃப் மோட்டார் 'டிக்' என்று ஒரு சத்தம் போட்டது. பழைய கொட்டாவியாவது கொஞ்சம் நீளமாக இருக்கும்.

மணி பத்து. ஆள் இல்லை, வண்டி இல்லை. அம்சவள்ளி தட்டைப் பக்கத்தில் வைத்துவிட்டு ஸ்டியரிங்குக்கு நகர்ந்தாள். நான் பின்னால் போய் முதுகைக் கொடுத்துத் தள்ளினேன். இடது செருப்பு கழன்றது. இறக்கம் பிடித்துக்கொண்டது, வண்டி உருண்டது, "வுடு!" என்று கத்தினேன். குலுங்கியது, புகைந்தது, உறுமியது.

"போதும்! நிறுத்து!"

அவள் நிறுத்தவில்லை. எதிரே ஏற்றம். நிறுத்தினால் அணையும், அணைந்தால் பின்னால் உருளும், இந்தக் கிழவனால் ஏற்றத்தில் தள்ள முடியாது. இதையெல்லாம் நான் பிறகு உட்கார்ந்து யோசித்துப் புரிந்துகொண்டேன். அவளுக்கு அந்த நொடியே புரிந்திருக்கிறது. ஜன்னல் வழியே ஒரு சத்தம் மட்டும் வந்தது: "நிறுத்தினா நின்னுடும்ங்க!"

வெள்ளைக் கார் வளைவில் திரும்பி மறைந்தது. ஏழு பாத்திரச் சாதமும், அறுபது வளையலும், முப்பத்தாறு வருஷமாக என்னோடு இருந்தவளும் அதில். லைசென்சு கிடையாது. படிக்கிறவர்களில் போலீஸ்காரர் யாராவது இருந்தால் இந்தப் பாராவைக் கழித்துக்கொள்ளவும்.

ஒற்றைச் செருப்போடு கொஞ்ச தூரம் ஓடினேன். மூச்சு வாங்கி ஒரு கல்லில் உட்கார்ந்துவிட்டேன். மேலே ஹாரன் கேட்டது. இடது வளைவு. இருக்கிறாள். அப்புறம் சத்தமே இல்லை. அடுத்தது வலது வளைவு, வலதுக்கு ஹாரன் அடிக்காது என்று எனக்கே தெரியும். தெரிந்து என்ன, கையைக் குவித்துக் காதில் வைத்துக்கொண்டேன். மறுபடி ஹாரன், கொஞ்சம் உயரத்தில். மறுபடி மௌனம். அந்தக் கல்லில் உட்கார்ந்து, எந்தச் சாமியிடமும் கேட்காததை அந்தக் காரிடம் கேட்டேன். இன்னிக்கு ஒரு நாள் நிக்காத. அப்புறம் ஆயுசுக்கும் உன்னத் தள்ளறேன்.

ஐந்தாவது ஹாரனுக்குப் பிறகு காற்றுச் சத்தம் மட்டும்தான் இருந்தது.

மரவள்ளிக்கிழங்கு ஏற்றப் போகும் காலி மினிலாரி ஒன்று வந்தது. டிரைவர் என் காலைப் பார்த்தார். "இன்னா சார், ஒத்தச் செருப்பு?" மேலே கையைக் காட்டிவிட்டு ஏறிக்கொண்டேன். ஒவ்வொரு வளைவிலும் வெளியே தலையை நீட்டிப் பள்ளத்தைப் பார்த்துக்கொண்டே போனேன். எந்தப் பள்ளத்திலும் வெள்ளையாக எதுவும் தெரியவில்லை. ஒரு இடத்தில் தெரிந்தது; கொக்கு.

சம்மந்தி வீட்டு வாசல் சரிவில், டயருக்குக் கல் முட்டுக் கொடுத்து, கார் நின்றுகொண்டிருந்தது. சுற்றிலும் கூட்டம். உள்ளே கமலா நாற்காலியில், முழங்கை வரைக்கும் வளையல். அம்சவள்ளி தட்டைப் பிடித்தபடி நின்றாள். அவள் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. தட்டில் மிச்சமிருந்த வளையல்கள் மட்டும் கலகலவென்று தாமாகவே ஆடிக்கொண்டிருந்தன.

"வாங்க சம்மந்தி" என்றாள் ரங்கம்மாள். கண் என் காலுக்குப் போனது. "இன்னொண்ணு பின்னால பஸ்ல வருதா?"

"யப்பா, அம்மா பத்து இருவத்தஞ்சுக்கே வந்துட்டாங்க" என்றாள் கமலா. சிரிப்பை அடக்க முடியாமல் வயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

நான் அம்சவள்ளி பக்கத்தில் போய், "அம்சா, கார…" என்று ஆரம்பித்தேன்.

"குடுத்துட்டேன்" என்றாள்.

"யாருக்கு?"

வெளியிலிருந்து ரங்கம்மாளின் தம்பி பச்சமுத்து வந்தான். கார் சாவி அவன் விரலில் சுற்றிக்கொண்டிருந்தது. "அண்ணே, ஒங்க வூட்டு அக்கா எல்லாத்தையும் சொல்லிடுச்சு. நிக்குமாம், தள்ளணுமாம், மழையில ஒழுவுமாம். எனக்கு இன்னா அதனால? இங்க எந்த வாசல்ல நிறுத்தினாலும் சரிவுதான். கல்ல எடுத்தா தானா உருண்டு தானா கெளம்பிடும். எம் பொண்டாட்டி கதவு வச்ச வண்டி வேணும்னு நாலு வருசமா கேட்டுக்கினு கீறா. வண்டி ஓட்டத் தெரியாத அக்காவே ரெண்டாவது கியர்ல ஏத்திக்கினு வந்துடுச்சுன்னா, இஞ்சின் ராஜா மாதிரி இருக்குதுண்ணே!"

எனக்குக் கொளஞ்சியப்பன் ஞாபகம் வந்தது. அவனுக்குப் புதுப்பேர் ஒன்று யோசித்து வைத்திருக்கிறேன். அச்சில் போட முடியாது.

விலையும் பேசி முடித்துவிட்டிருந்தார்கள். மூன்று மாதமாக நான் முடிவு பண்ணாததை, நான் மினிலாரியில் வந்துகொண்டிருந்த நேரத்தில் அம்சவள்ளி முடித்துவிட்டாள். என்னிடம் கேட்டது ஒரு கையெழுத்து மட்டும். அவள் போட்ட ஒரே கண்டிஷன், பச்சமுத்து இன்றைக்கே கமலாவைத் தன் ஜீப்பில் கள்ளக்குறிச்சியில் கொண்டுபோய் இறக்க வேண்டும்.

ரங்கம்மாள் என்ன சொல்வாளோ என்று பார்த்தேன். தட்டை அம்சவள்ளி கையிலிருந்து மெதுவாக வாங்கிக் கீழே வைத்தாள். "இப்பிடி ஏறி வந்திருக்கறவகிட்ட மணலூர்பேட்டைன்னு எந்த வாயால சொல்லுவேன்? கூட்டிக்கினு போ தாயீ. மொதல்ல உக்காந்து ஒரு வாய் சாப்புடு."

அப்போதுதான் அம்சவள்ளி அழுதாள். நானும் அழுதேன், ஒரு குடம். இதில் கழிக்க வேண்டாம்.

சாயங்காலம் இறங்கினோம். ஜீப்பின் முன்னால் கமலாவும் அவளை அணைத்துப் பிடித்தபடி அம்சவள்ளியும். பின்னால் ஏழு காலிப் பாத்திரங்களோடு நான். ஜீப் வேகம் குறைந்தபோதெல்லாம் பழக்கதோஷத்தில் எழுந்து இறங்கப் பார்த்தேன். பாதி மலை வந்ததும் ரோட்டோரத்தில் என் இடது செருப்பு தெரிந்தது. குப்புறப் படுத்துக் கிடந்தது.

"பச்சமுத்து, ஒரு நிமிசம், ஒரே நிமிசம் நிறுத்துப்பா."

"புள்ளத்தாச்சியை வச்சிக்கினு இந்த எடத்துல நிறுத்த மாட்டேண்ணே."

செருப்பு கிட்டே வந்தது, பக்கத்தில் வந்தது, பின்னால் போனது. அம்சவள்ளி திரும்பிப் பார்த்தாள். கண் சிவந்திருந்தாலும் வாய் சிரித்தது.

"அடுத்த வண்டியை நான் ஓட்டிப் பாத்துட்டுத்தான் வாங்கறது. நீங்க அந்தச் செருப்புக்கு மட்டும் ஒரு முடிவு சொல்லுங்க. எறங்கி நடந்து போய் எடுத்தாரப் போறீங்களா, புதுசு வாங்கப் போறீங்களா?"

மிச்சமிருந்த செருப்பைக் கால்விரலால் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு அணை வரைக்கும் யோசித்தேன். வீடு வந்தும் யோசித்தேன். பேரனுக்கு மூன்று மாதம் ஆகிறது, தூளியை ஆட்டிக்கொண்டே யோசிக்கிறேன். அந்த ஒற்றைச் செருப்பு இன்னும் வாசலில்தான் கிடக்கிறது.