மூன்று பீப்பாய்க் கற்கள்

1

இந்தக் கதை ஓர் அறிவிப்புப் பலகைக்காகத் தொடங்கியது. ஸ்கெல்பெக் ஊர்க் குழு ஓடையோரத்தில் ஆடு கழுவும் மடுவில் வார்ப்பிரும்புப் பலகை ஒன்றை நடப்போகிறது. மடுவின் வரலாறு நூற்றிருபது வார்த்தையில் வேண்டும். கல்லூரியைப் பாதியில் விட்டவன், ராத்திரி முழுக்கப் பாலாடைக்கட்டித் தொழிற்சாலையில் நிற்பவன், பகலில் சும்மாதானே இருப்பான் என்று என்னிடம் கொடுத்தார்கள். பகலில் நான் தூங்குகிறேன். அதை யாரும் கேட்கவில்லை.

முதல் தொடக்கம்: "பசுமையான மலைகளுக்கு நடுவே, காலம் உறைந்து நிற்கும் இந்த மடுவில்..."

(அடித்துவிட்டேன். போன வாரம் அந்த மடுவில் சூப்பர்மார்க்கெட் தள்ளுவண்டி ஒன்று கிடந்தது.)

இரண்டாம் தொடக்கம்: "ஜூன் மாதம், கம்பளி கத்தரிப்பதற்குப் பத்து நாள் முன்பு, ஓடையைப் புல்லோடு வெட்டிய மண்கட்டியால் அடைத்து மடுவை நிரப்புவார்கள். நடுவில் ஒரு பீப்பாயை இறக்குவார்கள். கழுவுகிறவன் நனையாமல் அதற்குள் நிற்பான். பட்டியிலிருந்து ஆடுகளை ஒவ்வொன்றாக அவனிடம் தள்ளிவிடுவார்கள்."

இது நிற்கும். பீப்பாயும் மிதக்காமல் நிற்க வேண்டுமென்றால் உள்ளே அடியில் மூன்று தட்டைக் கற்கள் வேண்டும்; ஆள் அவற்றின் மேல்தான் நிற்பான். கல் இல்லாத பீப்பாய் ஆளோடு கவிழும்.

2

எங்கள் ஊரில் போதை ஏறியவனுக்கு 'ஈனாக்' என்று பெயர். "நேத்து நல்லா ஈனாக் ஆயிட்டான்" என்பார்கள். வெளியூர்க்காரர்களுக்குப் புரியாது.*

*ஈனாக் ஸ்டாக்டேல் 1938 ஜூனில் பீப்பாயோடு தலைகீழாகக் கவிழ்ந்து இறந்தவர். இழுத்து வெளியே எடுப்பதற்குள் முடிந்துவிட்டது. பீர் குடித்திருந்தார், அதனால் கவிழ்ந்தார் என்பது ஊர்க்கதை. அவர் மகள் வின்னி அந்த நவம்பரில் பிறந்தார். முப்பது வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டினார். பின் இருக்கையில் பிள்ளைகள் கேலியாகச் சொல்லும் அந்தப் பெயரைத் தினமும் கேட்டுக்கொண்டே ஓட்டினார்.

(இதை அடிக்குறிப்பில் தள்ளியது தவறு. கதையே இதுதான். மாற்றப் பொறுமை இல்லை.)

வின்னி என்னை வீட்டுக்குக் கூப்பிட்டார்.

"எழுதிட்டியா?"

"எழுதிட்டிருக்கேன்."

"எங்கப்பன் குடிச்சிருந்தான்னு போடப்போறியா?"

"குழுவுல ரால்ஃப் போடச் சொல்றார். பார்க்க வர்றவங்க சிரிப்பாங்களாம்."

"சிரிக்கட்டுமே. வாயால சொல்றது காத்தோட போயிடும். இரும்புல வார்த்துட்டா நான் செத்தப்புறமும் மழையில நிக்கும்ல?"

"அன்னிக்கு எல்லாருமே குடிச்சிருக்காங்க. குளிருக்குக் குடுக்கறதுதானே."

"அப்ப அதை எழுது. இல்லைன்னா எங்கப்பனை விட்டுடு. டீ ஆறுது, குடி. குடின்னா டீயைச் சொன்னேன்."

அவர் சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை.

3

ரால்ஃப் ஆல்டர்சன் குழுத் தலைவர், மடுவை ஒட்டிய நிலத்துக்காரர். போன வரைவில் அவரை வில்லனாக்கியிருந்தேன். சிவந்த முகம், உரத்த குரல், எல்லாம் போட்டேன். முகம் சிவப்புதான். மற்றதை எடுத்துவிட்டேன். காரணம் ஏப்ரலில் ஒரு காலை.

பனியில் பட்டிச் சுவர் ஓரிடத்தில் சரிந்திருந்தது. சாந்து இல்லாமல் கல்லை அடுக்கிக் கட்டிய சுவர். வேலை முடிந்து நான் நடந்து வரும்போது அவர் அதைத் திரும்பக் கட்டிக்கொண்டிருந்தார்.

"டேய் ராக்கோழி, இங்க வா. இது என்னன்னு சொல்லு."

கையில் தட்டையான கல். ஒரு முகம் தேய்ந்து, முழுக்கச் சின்னச் சின்னக் கீறல்.

"அடியில ஆணி அடிச்ச பூட்ஸ் தடம்."

"நெஞ்சு உசரத்துல, சுவத்துக்குள்ள, எவன் பூட்ஸ் போட்டு நின்னான்?"

நான் குனிந்து பார்த்தேன். காலடியில் அதே மாதிரி இன்னும் இரண்டு கிடந்தன.

"இந்த இடத்தைக் கட்டினது எங்க தாத்தா," என்றார். "முப்பத்தெட்டுல, ஆடு கழுவுற அன்னிக்குக் காலையில சுவர் விழுந்துடுச்சு, மந்தை ஓடறதுக்குள்ள கைக்குக் கிடைச்சதை வச்சு அடைச்சேன்னு சாகிற வரைக்கும் பெருமை பேசினார்."

"பீப்பாய்க் கல்லையா?"

"கரையில கிடந்திருக்கும். எதுக்கு வச்சதுன்னு பார்த்திருக்க மாட்டார். கல்லு பொருத்தமா இருந்தா எங்காளுங்களுக்குக் கை நிக்காது."

சுவர் கட்டுகிறவர்களுக்கு ஒரு விதி உண்டு: கையில் எடுத்த கல்லைக் கீழே வைக்கக் கூடாது. சுவரில் அதற்கு இடம் கண்டுபிடிக்க வேண்டும். ஒரு நாள் வேலை அப்படித்தான் ஒரு நாளில் முடியும். ஒரு மனிதன் அப்படித்தான்

(இந்த வாக்கியம் வேண்டாம்.)

"வின்னிகிட்ட சொல்லிடலாமா?" என்று கேட்டேன்.

அவர் என்னைப் பார்க்கவில்லை. சுவரின் இடைவெளியைப் பார்த்தார். கல்லைத் திருப்பினார். கீறல் முகம் உள்பக்கம் போகும்படி வைத்துத் தட்டினார். பிறகு இரண்டாவது. பிறகு மூன்றாவது.

"கையில எடுத்தாச்சில்ல," என்றார்.

4

முடிவு அ: நான் வின்னியிடம் சொல்கிறேன். அவர் கடப்பாரையோடு வருகிறார். (நன்றாக இருக்கும். ஆனால் நான் இன்னும் சொல்லவில்லை. தினமும் அவர் வாசலைத் தாண்டித்தான் வேலைக்குப் போகிறேன்.)

முடிவு ஆ: ரால்ஃப் மனம் மாறி ஊர்க் கூட்டத்தில் எழுந்து (மாட்டார். அவருக்கு எழுபத்தொன்று. தாத்தா தூக்கி வளர்த்த பேரன்.)

முடிவு இ: ஆணிக் கீறலே இல்லை, ஆட்டுக் குளம்புதான் என்று நான் நம்பிவிடுகிறேன். (நான்கு நாள் முயன்றேன்.)

வெள்ளிக்கிழமை வார்ப்படக்காரருக்கு அனுப்ப வேண்டும். இதுவரை எழுதியதன் கடைசி வரி: "1938இல் ஈனாக் ஸ்டாக்டேல் இங்கே இறந்தார். அவர்"

அங்கேயே நிற்கிறது. 'குடித்திருந்தார்' என்று போட்டால் ஒரு வார்த்தை. 'நின்ற பீப்பாயில் கல் இல்லை' என்று போட்டால் நான்கு. இரண்டுக்கும் பலகையில் இடம் இருக்கிறது.

நான் ரால்ஃப் சொன்னதைத்தான் கேட்டேன், காட்டியதைத்தான் பார்த்தேன். அதை மறைத்ததையும் பார்த்துக்கொண்டு நின்றேன். இனி நீங்கள் பாருங்கள். பாலத்துப் பக்கச் சுவர், நெஞ்சு உயரம், பாசி படியாத மூன்று கற்கள். நடுக்கல் கொஞ்சம் ஆடும். கடப்பாரை வின்னி வீட்டுக் கொட்டகையில் இருக்கிறது. எதற்கென்று கேட்காமல் கொடுப்பார்.

கல்லை உருவிய பிறகு கீழே வைக்க முடியாது. சுவருக்குள் திரும்ப வைக்கலாம், இல்லையென்றால் வின்னி வீடு வரை சுமக்கலாம். கனமான கல். தூரம் முந்நூறு அடிதான்.