மெத்தைக்கு ஒரு சாண் மேலே

அவர் உயரமான கட்டடங்களில் கயிற்றில் தொங்கியபடி கண்ணாடி துடைப்பவர். ஒரு விடுமுறை நாள் காலையில், பின்னறைச் சுவரில் துளை போட ஆரம்பித்தார்.

"என்னங்க இது, பல்லி மாதிரி சுவர்ல ஏறப் போறீங்களா?" என்றாள் மனைவி.

"விரலுக்கு பலம் வேணும்" என்றார். அவ்வளவுதான். இரண்டு மாதமாகவே அவர் பேச்சு அப்படி வெட்டி வெட்டித்தான் வந்தது.

தடித்த பிளைவுட் பலகையில், விரல் நுனி மட்டும் பதிகிற அளவுக்கு மரப்பிடிகளைத் திருகி, அதைச் சுவரில் போல்ட் போட்டு முடுக்கினார். மேலே இரண்டு போல்ட் பிடிமானமில்லாமல் சும்மா சுற்றின. உள்ளே செங்கல் பொடிந்துபோயிருந்தது. அவருக்குத் தெரிந்தது, சொல்லவில்லை. கீழே பழைய மெத்தையை விரித்தார்.

"பத்து வரைக்கும் எண்ணு."

மேல்பிடியைப் பற்றித் தொங்கினார். பாதம் மெத்தைக்கு ஒரு சாண் மேலே நின்றது. அவள் எண்ணினாள். ஐந்தில், பலகைக்குப் பின்னாலிருந்து மணல் கொட்டியது. ஆறில், சுவரில் ஒரு கீறல் ஓடியது.

"ஐயோ, சுவர் பெயருது! இறங்குங்க!"

அவர் இறங்கவில்லை. கண்கள் இறுக மூடியிருந்தன. முகம் வெளுத்துக் கிடந்தது.

"கையை விடுங்க!"

"விட்டா போயிடுவேன்... பதினோரு மாடி..."

அவள் முக்காலியை இழுத்துப்போட்டு ஏறி, அவர் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள்.

"தரை இங்கதான் இருக்கு. நான் இருக்கேன். விடுங்க!"

கடைசி விரல் விட்டதும் இருவரும் மெத்தையில் உருண்டார்கள். அவரைக் கதவுப்பக்கம் இழுத்துக்கொண்டு போனாள். மறுநொடி, பலகை காரையோடு பெயர்ந்து மெத்தைமேல் விழுந்தது.

புழுதி அடங்கியது. பிறகுதான் சொன்னார். இரண்டு மாதத்துக்கு முன், பாதுகாப்புக் கயிற்றின் கொக்கியை மாட்டுவதற்குள் கால் சறுக்கி, பதினோராவது மாடி விளிம்பில் விரல்களால் தொங்கியிருக்கிறார். கூட வேலை செய்தவர் எட்டி இழுத்திருக்கிறார்.

"என்கிட்ட ஏன் மறைச்சீங்க?"

"சொன்னா வேலைக்கு விடமாட்டே."

"விடமாட்டேன்தான்."

மறுநாள் மேற்பார்வையாளரிடம் அவரே போய், மேலே ஏற முடியவில்லை என்றார். கீழே கயிறு பரிசோதிக்கிற வேலை கிடைத்தது. கொத்தனார் வந்து பலகையை அதே அறையின் கான்கிரீட் தூணில் மாட்டிக் கொடுத்தார்.

அதில் அவர் முதன்முதலாகத் தொங்கியபோது அவள் உள்ளே வரவில்லை. கதவுக்கு வெளியே நின்று எண்ணினாள். குரல் நடுங்கியது. அது காதில் பட்டதும், மூன்றிலேயே அவர் இறங்கிவிட்டார்.