கடைசி ஆள் வெளியே

டுவெய்ன் ஹால்வர்சனைத் துரத்தவேண்டும் என்பதற்காகத்தான் எங்கள் லீக்கின் விதிகளை மாற்றி எழுதினேன். ஆட்டம் நியாயமாக நடக்கவேண்டும் என்று மற்றவர்களிடம் சொன்னதெல்லாம் சும்மா. நியாயமாகவும் ஆயிற்று, அது வேறு விஷயம்.

அமெரிக்க ஃபுட்பாலை வைத்துப் பத்துப் பேர் ஆடும் கற்பனை லீக் அது. ஆகஸ்டில், எங்களில் ஒருவனான லைலின் மதுக்கடையில் கூடி, நிஜ ஆட்டக்காரர்களை முறைவைத்துப் பொறுக்கி ஆளுக்கொரு டீம் சேர்த்துக்கொள்வோம். மைதானத்தில் அவர்கள் ஓடுவதும் பிடிப்பதும் எங்களுக்குப் பாயிண்ட். வாராவாரம் இருவர் இருவராக மோதுவோம், பாயிண்ட் கூடுதலாக எடுத்தவருக்கு வெற்றி. இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் இதைத் தொடங்கியவன் டுவெய்ன். அதனால் அவனே கமிஷனர், அவன் வைத்ததே சட்டம்.

மூன்று வருஷத்துக்கு முன்னால், முதல் நாலு பேர் கோப்பைக்கு மோதும் பிளேஆஃபுக்கு முந்தைய கடைசி வாரம், எனக்கு எதிராக வந்தவன் என் தம்பி கர்ட். நான் ஏற்கெனவே உள்ளே போய்விட்டேன். கர்ட் ஜெயித்தால் அவன் உள்ளே, டுவெய்ன் வெளியே. அன்று காலைச் செய்தியில் என் ஓட்டக்காரனுக்குக் கணுக்கால் சரியில்லை, ஆடுவது சந்தேகம் என்றார்கள். நம்பி அவனைப் பெஞ்சில் வைத்தேன், பெஞ்சில் இருப்பவன் எடுக்கும் பாயிண்ட் கணக்கில் சேராது. பாழாய்ப் போனவன் ஆடினான், மூன்று டச்டவுன் அடித்தான். அவனுக்குப் பதிலாக நான் இறக்கியவன் எடுத்தது இரண்டே பாயிண்ட். கர்ட் ஜெயித்துவிட்டான்.

தம்பிக்காக வேண்டுமென்றே தோற்றேன் என்றான் டுவெய்ன். அன்றே ஓட்டெடுப்பு வைத்தான். அவனையும் சேர்த்து எட்டுப் பேர் அவன் பக்கம் கை தூக்கினார்கள், என் பக்கம் கர்ட் மட்டும். என்னைப் பிளேஆஃபிலிருந்து நீக்கியதோடு விட்டானா? வெள்ளிக்கிழமை மீன் வறுவலுக்கு ஊரே குடும்பத்தோடு வரும் நேரத்தில், 'நான் ஏமாற்றுக்காரி' என்று எழுதிய அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு கடை வாசலில் இரண்டு மணி நேரம் நிற்கவேண்டும் என்றான். அட்டையை பியர்ப் பெட்டியிலிருந்து வெட்டிக் கொடுத்தவன் லைல்.

நான் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். அன்று மீன் தின்ன வந்தவர்களில் பாதிப் பேருடைய பிள்ளைகள் என் வண்டியில்தான் வருகிறார்கள். திங்கள்கிழமை காலை பின் இருக்கைகளிலிருந்து அந்த வார்த்தையைப் பாட்டாகவே பாடினார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினேன். லீக்கைவிட்டு விலகியிருக்கலாம், ஆனால் விலகினால் ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும். விலகவில்லை, கறுவிக்கொண்டே இருந்தேன்.

கர்ட் ஒருபடி மேலே போனான். பிளேஆஃப் இடம் வேண்டாம் என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டான். சின்ன வயதிலிருந்து டுவெய்னோடு மான் வேட்டைக்குப் போகிறவன், அதை நிறுத்தினான், பேச்சையும் நிறுத்தினான். என் அக்கா அப்படிச் செய்கிறவள் இல்லை என்று கேட்டவனிடமெல்லாம் சண்டைக்குப் போனான். மூன்று வருஷமாக டுவெய்ன் எதிரில் வந்தால் இவன் தெருவைக் கடந்துவிடுவான்.

போன கோடையில் பத்து வருஷத்துக் கணக்கையும் எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். டுவெய்னிடம் ஒரு கிறுக்கு உண்டு. அவன் டீம் முழுக்க எங்கள் பக்கத்து டீமான கிரீன் பே ஆட்கள். வேறு ஊர்க்காரனைச் சேர்ப்பது துரோகம் என்பான். கிரீன் பேக்கு ஓய்வு வாரம் வந்தால் அவன் டீமுக்குச் சுத்தமாகப் பூஜ்யம். அந்த வாரம் எங்களிலேயே நோஞ்சான் டீமோடு தான் மோதும்படி அட்டவணை போட்டுக்கொள்வான், அதிலும் சில வருஷம் தோற்பான். ஆனாலும் கடைசியாக வருகிறவனுக்குக் கேலியைத் தவிர ஒன்றும் இல்லாததால் அவனுக்கு உறைத்ததே இல்லை.

புது முறையில் மூன்றே விஷயம் வைத்தேன். ஒன்று, வாரத்துக்கு இரண்டு வெற்றி. எதிராளியை அடித்தால் ஒன்று, பத்துப் பேரில் முதல் ஐந்துக்குள் பாயிண்ட் எடுத்தால் இன்னொன்று. அட்டவணை அதிர்ஷ்டத்தில் தப்பிக்கிற வேலை இனி நடக்காது. இரண்டு, கமிஷனர் கிடையாது. யாரை இறக்குவது, யாரைப் பெஞ்சில் வைப்பது என்பது அவரவர் இஷ்டம், அதை யாரும் விசாரிக்கக்கூடாது. மூன்று, சீசன் முடிவில் கடைசி ஆள் லீக்கைவிட்டு வெளியே. காத்திருப்பவர்களில் முதல் ஆள் உள்ளே. லைலின் சமையல்காரி ஐர்மா ஆறு வருஷமாகக் காத்திருந்தாள்.

பழைய கணக்கில் இதைப் போட்டுப் பார்த்தேன். பத்து வருஷத்தில் ஆறு வருஷம் டுவெய்ன்தான் கடைசி. அந்தத் தாளை யாருக்கும் காட்டவில்லை. முறையை மட்டும் காட்டினேன். நன்றாக இருக்கிறது என்று எல்லோரும் தலையாட்டினார்கள், டுவெய்னும்தான். கமிஷனர் வேலை சலித்துவிட்டது என்றான், கடைசி ஆள் யாரென்று அவனுக்குத் தெரியுமாம், லைல்தானாம்.

முழுக்கத் தப்பில்லை. டிசம்பர் பிறந்தபோது லைல் பத்தாவது, டுவெய்ன் ஒன்பதாவது. கடைசி வாரம் கிரீன் பே ஆட்டம் வியாழக்கிழமையே முடிந்துவிட்டது. எங்கள் பிள்ளைகள் உதை வாங்கினார்கள், டுவெய்னுக்கு இரண்டு வெற்றியும் போயிற்று. இனி எல்லாம் ஞாயிற்றுக்கிழமை லைலுக்கும் எனக்கும் நடக்கும் ஆட்டத்தில். லைல் என்னை ஜெயித்தால் டுவெய்னைத் தாண்டிவிடுவான். லைலின் டீம் முதல் ஐந்துக்குள் வருகிற டீம் இல்லை, அதனால் நான் ஜெயித்தால் லைல் வெளியே.

சத்தியமாகச் சொல்கிறேன், அன்று நான் நேராக ஆடத்தான் போனேன். லைலைத் துரத்துவதும் எனக்குக் கசக்கவில்லை, அட்டை வெட்டிய கைதானே. என் டீம் நன்றாக இருந்தது, மூன்றாம் இடத்தில் இருந்தேன். டுவெய்னை அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

பதினொன்றரை மணிக்குக் கடைக்குள் நுழைந்ததும் டுவெய்ன் ஒரு பியரை என் பக்கம் தள்ளினான். மூன்று வருஷத்தில் என்னிடம் சிரித்தது அதுதான் முதல் தடவை.

"இன்னைக்கு என் தலையெழுத்து உன் கையில இருக்கு, ரோண்டா. நீ ஒழுங்கா ஆடினா போதும், எனக்கு உன்மேல நம்பிக்கை இருக்கு."

உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. என் நேர்மை மேல் அவனுக்கு நம்பிக்கையாம். தனக்கு வேண்டும் என்கிறபோது நான் யோக்கியக்காரி. போன் சார்ஜரை வண்டியில் விட்டுவிட்டேன் என்று சொல்லி வெளியே போனேன். பனி பெய்துகொண்டிருந்தது. இன்ஜினைப் போட்டுவிட்டு வண்டிக்குள் உட்கார்ந்தேன். என் டீமிலேயே நல்ல ஆள் ஒரு பந்துபிடிப்பவன், காயம் கிடையாது, காய்ச்சல் கிடையாது. போனைத் திறந்து அவனைப் பெஞ்சுக்கு மாற்றினேன். அவன் இடத்தில், அந்த வருஷம் நாலு பந்துகூடப் பிடிக்காத ஒருவனை வைத்தேன்.

மூன்று மணிக்கெல்லாம் முடிந்துவிட்டது. லைலிடம் ஒன்பது பாயிண்டில் தோற்றேன். பெஞ்சில் உட்கார்ந்தவன் எடுத்தது முப்பத்தொன்று. நானும் நாலாம் இடத்துக்குக் கீழே போய்ப் பிளேஆஃபை இழந்தேன், போகட்டும். அடுப்படியில் ஐர்மா கரண்டியால் தட்டைத் தட்டிக்கொண்டு ஆடினாள்.

டுவெய்ன் போனில் என் டீமை விரித்துப் பார்த்துக்கொண்டே இருந்தான். முகத்தில் ஈயாடவில்லை.

"இவன ஏன் வெளிய உக்கார வச்ச? கால் நல்லாத்தான இருந்துச்சு?"

"நல்லாத்தான் இருந்துச்சு" என்றேன்.

"அப்ப வேணும்னே தோத்திருக்க."

விசாரிக்கக்கூடாது என்று விதி இருக்கிறது, நான் பதில் சொல்லியிருக்கவே வேண்டாம். ஆனால் மூன்று வருஷமாக நெஞ்சில் வைத்துக் காத்தது இதைச் சொல்லத்தானே.

"ஆமா, வேணும்னேதான். தண்டனைய மூணு வருஷத்துக்கு முன்னாடியே வாங்கிட்டேன், டுவெய்ன். குத்தம்தான் பாக்கி இருந்துச்சு. இன்னைக்குச் செஞ்சு முடிச்சேன்."

அவன் உதடு துடித்தது. இருபத்திரண்டு வருஷமாக அவன் ஏந்திக்கொண்டு திரிந்த லீக். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, குழந்தை மாதிரி அழுதான். பார்க்க நன்றாக இருந்தது, பொய் சொல்லமாட்டேன். நெஞ்சு குளிர்ந்தது.

அப்புறம்தான் மற்றவர்களைப் பார்த்தேன். லைல் பக்கத்திலிருந்தவனிடம், டுவெய்ன் அன்றைக்கே சொன்னானே என்று முணுமுணுத்தான். நான் தோற்றுக் காப்பாற்றியவன்தான் சொல்கிறான். மற்றவனும் தலையாட்டினான். அவர்களை நான் எதிர்பார்த்ததுதான், போய்த் தொலையட்டும்.

கர்ட் என் பக்கத்து இருக்கையில் இருந்தான். கையிலிருந்த கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, மற்றவர்களுக்குக் கேட்காதபடி கேட்டான்.

"ரோண்டா, அன்னைக்குக் கணுக்கால்னு சொன்னியே. அது நெசந்தானா?"

"நெசம்டா. உங்கிட்ட நான் பொய் சொல்வேனா?"

"சரி" என்றான்.

பிறகு கோப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தான். மேஜையைச் சுற்றிப் போய் டுவெய்ன் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். அவன் தோளில் கை வைத்து, மூன்று வருஷத்துக்குப் பிறகு முதல் தடவையாக அவனோடு பேசினான். என்ன சொன்னான் என்று எனக்குக் கேட்கவில்லை.