குபேர மூலைக் குட்டை

பனியன் கம்பெனி மகுடேஸ்வரன் ஊருக்குள் இடித்த மாடி வீடு, தாராபுரம் ரோட்டில் மாநகராட்சி எல்லை தாண்டியிருக்கும் மயிலாளின் குட்டையில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை முழுசாக எழுந்து நின்றது. முதலில் கக்கூஸ், பிறகு மற்றது.

அது நல்ல வீடுதான். குபேர மூலையில் கக்கூஸ் இருப்பதால்தான் பனியன் ஆர்டர் படுத்துவிட்டது என்றார் வாஸ்துக்காரர், இடித்துவிட்டார்கள். ஜெர்மனிக்காரன் ஆர்டரைக் குறைத்ததற்கும் நம் கக்கூஸுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கிற தைரியம் நம்மாட்களுக்கு என்றைக்கு இருந்தது? கம்பியை உருவி விற்றுவிட்டு, காரையையும் செங்கல்லையும் உடைந்த டைல்ஸையும் டிப்பர் டிப்பராகக் கொண்டுவந்து குட்டையில் கொட்டினார்கள். மயிலாளின் ஆடுகளுக்கு அதுதான் தண்ணீர், கிணற்றுக்கும் அதுதான் ஊற்று. அவள் டிப்பர் முன்னால் போய்ப் படுத்தாள். டிரைவர் மரியாதைக்காரன். "கொஞ்சம் தள்ளிப் படுங்கக்கா" என்று சொல்லிவிட்டு அந்தப் பக்கமாகக் கொட்டினான். மாநகராட்சியில், "குட்டை எங்க எல்லையில இல்லீங்க" என்றார்கள். ஊராட்சியில், "குப்பை எங்க ஊருது இல்லீங்க" என்றார்கள். கிணறு வற்றியது. பாதி ஆடுகள் சந்தைக்குப் போயின. மயிலாள் தினமும் அந்தக் குவியலின் மேல் ஏறி நின்று, நகரம் இருக்கும் திசையைப் பார்த்துத் தொண்டை கட்டும்வரை திட்டினாள்.

அந்தக் குவியல்தான் இப்போது வீடாக நின்றது. பார்க்கக் கூட்டம் கூடியது, செல்பி எடுத்தார்கள். "ஊட்டை வெச்சுக்கிட்டு என்ன பண்றது? ஆடு சொவத்தையா நக்கும்?" என்று மயிலாள் காறித் துப்பினாள்.

வீடு வந்துவிட்டதால் குட்டைக்கு இடமில்லை. அடுத்த மழையில் அது, வீடு காலி செய்த இடத்துக்கே போய்விட்டது. மகுடேஸ்வரன் அங்கே புது வீடு கட்டிப் பால் காய்ச்சி ஒரு மாதம்கூட ஆகவில்லை. மார்பிள் ஹாலில், மிகச் சரியாகக் குபேர மூலையில், தவளையும் கோரைப்புல்லுமாகக் குட்டை கிடந்தது. மோட்டார் வைத்து இறைத்தார்கள். இறைத்த தண்ணீர் சாக்கடை வரைக்கும் போய்விட்டு, வாசல் வழியாகத் திரும்பி வந்தது. வாஸ்துக்காரர் போனை எடுக்கவில்லை.

மகுடேஸ்வரன் காரில் போய் மயிலாளைக் கும்பிட்டார். "உங்க குட்டைய எடுத்துக்குங்க ஆத்தா."

"கொட்டறதுக்கு உங்களுக்கு டிப்பர் இருந்துச்சுங்க. அள்றதுக்கு எனக்கு ஏதுங்க?"

மறுநாளிலிருந்து மயிலாள் ஆடுகளை ஒரு மணி நேரம் நடத்திக் கூட்டிவருகிறாள். வாட்ச்மேன் கேட்டைத் திறந்துவிடுகிறார். மகுடேஸ்வரனின் மனைவி சாரதாமணி புழுக்கையைக் கூட்டப் பழகிவிட்டாள். ஹாலில் சோபாவில் படுத்திருக்கும் மகுடேஸ்வரனிடம் மயிலாள் தினமும் ஒரே வார்த்தைதான் சொல்கிறாள்.

"கொஞ்சம் தள்ளிப் படுங்க சாமி, ஆடு வருது."

அவரும் தள்ளிப் படுக்கிறார்.