திறந்தவரே மடக்க வேண்டும்

செத்துப்போன கடிகாரக்காரரின் கத்தியை லிஃப்ட் மெக்கானிக் மடக்கிய அதே நொடியில், பக்கத்து அறையில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்த அவர் மகளின் இடது உள்ளங்கை திறந்துகொண்டது. ரத்தம் வரவில்லை, வலியும் இல்லை. கத்தியின் அலகு எவ்வளவு நீளமோ அவ்வளவு நீளத்துக்கு ஒரு பிளவு. அதிலிருந்து மெல்லிய காற்று வீசியது, தோல் சீவிய ஆப்பிளின் வாசனையோடு. "அப்பா, என் கையில ஜன்னல் வந்திருக்கு" என்று அவள் காட்ட வந்தாள்.

கேட்ட விலைக்கு எதையும் வாங்கியதில்லை என்பதால் தெருவில் அந்த மெக்கானிக்குக்கு அரைவிலை என்று பெயர். கோபம் வந்தால் பெண்டாட்டியும் அப்படித்தான் கூப்பிடுவாள். பதினான்கு வருடமாக ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில், துரு ஏறிய, கைப்பிடி விரிந்த, யாரும் சீந்தாத மடக்குக்கத்திகளாகப் பார்த்து வாங்கினார். மண்ணெண்ணெயில் ஊறவைத்து, பழைய பல் பிரஷால் தேய்த்து, மூட்டில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு மடக்கும்போது 'டக்'கென்று சத்தம் கேட்டுவிட்டால் அன்றைக்கு அவருக்குக் கால் தரையில் பாவாது. கத்தி வாங்குகிறவர்களுக்குள் ஒரு கட்டுப்பாடு உண்டு: ஒருவர் திறந்த கத்தியை அவரேதான் மடக்க வேண்டும். அதை மீறிய புது ஆள் ஒருவரை இவரே சந்தையில் நாலு வாங்கு வாங்கியிருக்கிறார். அந்தக் கூட்டத்தில் ஒருவரான கடிகாரக்காரர் ஆப்பிள் சீவிக்கொண்டிருக்கும்போதே போய்ச்சேர்ந்தார். அவர் மனைவி கத்தியைத் திறந்தபடியே தாளில் சுற்றி அரைவிலையிடம் கொடுத்து, "அவர் திறந்தது தம்பி, நான் தொடல" என்றாள். அரைவிலை மூன்று நாள் பொறுத்துப் பார்த்தார். ஆனால் அவர் பெட்டியில் மடங்கிய கத்திக்குத்தான் பள்ளம் வெட்டியிருந்தது. நாற்பது நிறைந்து ஒன்று மட்டும் காலியாகக் கிடந்தது கண்ணை உறுத்தியது. செத்தவருக்கு என்ன தெரியப்போகிறது என்று மடக்கிவிட்டார்.

டாக்டர் ஏழு தையல் போட்டார்; மறுநாள் ஏழும் தலையணையில் கிடந்தன. பிளவு தினமும் ஓர் அரிசி நீளம் மணிக்கட்டுப் பக்கம் நகர்ந்தது. கத்தியைத் திரும்பத் திறக்கப் பார்த்தார், நகம் பிய்ந்ததுதான் மிச்சம். மகளின் கையில் காதை வைத்தால் நிறையக் கடிகாரங்கள் ஓடும் சத்தம் கேட்டது. எத்தனையோ மாடிக்கு மேலே ஒற்றைக் கம்பியை நம்பி நின்று வேலை பார்த்தவர், அன்றிலிருந்து விளக்கை அணைக்காமல் மகளின் கையைப் பிடித்தபடியே தூங்கினார். "ஊருக்கெல்லாம் சட்டம் சொன்னீங்களே, உங்களுக்குத் தெரியாதா?" என்று மனைவி ஒரே ஒரு முறை கேட்டாள், பிறகு கேட்கவில்லை. பதினோராம் நாள், மணிக்கட்டு நரம்புக்கும் பிளவுக்கும் நடுவே அரை விரற்கடைதான் இருந்தது. மகளைத் தூக்கிக்கொண்டு கடிகாரக்காரர் வீட்டுக்கு ஓடினார்.

கடிகாரக்காரர் மனைவி பதறவில்லை. குழந்தையின் கையைப் பிடித்து, வாயைப் பிளவுக்குப் பக்கத்தில் கொண்டுபோய், சாப்பிடக் கூப்பிடுகிற குரலில் சொன்னாள்: "ஏங்க, புள்ள பயப்படுது. வந்து மடக்கிட்டுப் போங்க." உள்ளே ஓடிக்கொண்டிருந்த கடிகாரங்கள் நின்றன.

மறுநாள் மாலை நாலு மணிக்குக் கடிகாரக்காரர் அரைவிலையின் வீட்டுக்கு வந்தார். செருப்பை வாசலில் விட்டார். சாகும்போது போட்டிருந்த அதே சட்டை, ஒரு பொத்தான் இல்லை. அரைவிலை "தப்புப் பண்ணிட்டேங்க" என்று முனகியதை அவர் காதில் வாங்கவில்லை. தன் கத்தியை எடுத்தார், சிரமமில்லாமல் திறந்தார், அலகைத் துடைத்தார், மடக்கினார். மகளின் உள்ளங்கை மூடிக்கொண்டது, கோடுகூட மிஞ்சவில்லை. அரைவிலைக்கு உயிர் திரும்பி வந்தது. அத்தோடு முடிந்திருக்கும். ஆனால் முன்னதாகவே வந்து உட்கார்ந்திருந்த கடிகாரக்காரர் மனைவி, "இனிமே எப்ப வருவீங்க?" என்று கேட்டுவிட்டாள். அவர் அரைவிலையின் கத்திப் பெட்டியைத் தன் பக்கம் இழுத்தார். பெட்டியிலிருந்து வேறொரு கத்தியை எடுத்துத் திறந்தார், சாப்பாட்டு மேசையின் நடுவில் வைத்தார், செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

ஆறு வருடமாகக் கத்தி அங்கேயே திறந்து கிடக்கிறது. அதைச் சுற்றித்தான் தட்டுகளை வைக்கிறார்கள், அந்த இடத்தை விட்டுவிட்டுத்தான் மேசையைத் துடைக்கிறார்கள். வெளியூர் போவதென்றால் ஒருவர் காவலுக்கு இருந்துகொள்கிறார். கடிகாரக்காரர் மனைவி தினமும் நாலு மணிக்கு வந்து ஒரு நாற்காலியில் உட்காருகிறாள். வராதீர்கள் என்று சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. காற்றடித்து மேசையில் கத்தி லேசாக அசையும்போது, அப்பாவும் அம்மாவும் மகளும் சட்டென்று தங்கள் கைகளைப் பார்த்துக்கொள்கிறார்கள். அந்த அம்மாள் மட்டும் வாசலைப் பார்க்கிறாள்.