மணிக்கயிறு

நெருங்கி உட்காருங்கள், கண்ணுகளா. காப்பி ஆறுவதற்குள் முடிந்துவிடும் கதைதான். ஆனாலும் ஆற அமரக் கேளுங்கள்.

ஹலாபா நகரத்துப் பழைய நாடக அரங்கின் பின்வாசலில் சவப்பெட்டி சிக்கிக்கொண்டது. வெளியே பொடித்தூறல். சுமந்து வந்த நான்கு நடிகர்களும் முன்னும் பின்னுமாகத் தடுமாறினார்கள்.

"சாய்ங்கடா, சாய்ங்க! உசுரோட இருந்தப்பவும் இந்த மனுஷன் நேரா நுழைஞ்சதில்ல" என்றாள், அரங்கில் மணியடிக்கும் கிழவி டோன்யா கூக்கா. அழுதுகொண்டிருந்தவர்கள்கூடச் சிரித்துவிட்டார்கள்.

ஹசிந்தா சிரிக்கவில்லை. பெட்டிக்குள் இருந்தவர் அவளுடைய அப்பா எவரிஸ்டோ. கவிதை எழுதினார், நாடகம் எழுதினார். பதினெட்டு வருடங்களுக்கு முன், மனைவி நோயில் கிடந்து இறந்ததையும் நாடகமாக எழுதினார். "எங்கம்மா சாவுக்கு டிக்கெட் போட்டீங்களாப்பா?" என்று கேட்ட ஹசிந்தா, அதன்பிறகு இந்த அரங்கை மிதிக்கவேயில்லை. நல்லநாள் பெரியநாளுக்கு அப்பா வருவார். மோலே குழம்பை வழித்துச் சாப்பிடுவார். மழையைப் பற்றிப் பேசுவார்கள், முட்டிவலியைப் பற்றிப் பேசுவார்கள். நாடகத்தைப் பற்றி மட்டும் இருவரும் வாய் திறக்க மாட்டார்கள்.

பெட்டியை மேடை நடுவில் வைத்தார்கள். நாடகக்காரர் செத்தால் அங்கே அப்படித்தான். ஆட்டத்துக்கு அடிப்பதுபோல் மூன்று முறை மணி அடிப்பார்கள். மூன்றாவதில் திரை விலகும், ஊரே எழுந்து கைதட்டி வழியனுப்பும்.

மணி கூரையில், கயிறு மேடையோரத்தில். கூக்கா முதல் மணியை அடித்தாள். ஹசிந்தா திரை இடுக்கு வழியாகப் பார்த்தாள். கூட்டம் சுவரோரமெல்லாம் நின்றது. மூன்றாவது வரிசை ஓரத்தில் மட்டும் ஒரு நாற்காலி காலி.

"வயசானவங்க நிக்கிறாங்களே, அதுல ஒருத்தர உக்காரச் சொல்லுங்களேன்."

"அது உன்னோடது கண்ணு."

ஹசிந்தா திரும்பிப் பார்த்தாள்.

"ஒவ்வொரு நாடகத்துக்கும் மொத நாள் உங்கப்பா அதை யாருக்கும் விடமாட்டாரு. ரெண்டாவது மணி அடிச்சதும் என் கையைப் புடிச்சுக்குவாரு. 'இரு கூக்கா, எம்பொண்ணு வரட்டும்'பாரு. ஜனம் விசில் அடிக்கும். நடிகைக்கு வயித்துவலின்னு நான் போய்ப் புளுகுவேன். போன நவம்பர்ல கால்மணி நேரம் நிறுத்திட்டாரு. 'மழை கூக்கா, அதான் தாமதம்'னாரு."

அந்த நவம்பர் மாலையில் ஹசிந்தா எதிர்சாரிக் காப்பிக்கடையில் குடையோடு நின்றிருந்தாள். மூன்றாவது மணி அடித்து விளக்கு அணைந்ததும், யார் கண்ணிலும் படாமல் கடைசி வரிசைக்குப் போய்விடலாம் என்று. இரண்டு முறை மணியோசை கேட்டது. மூன்றாவது வரவேயில்லை. மழையில் ஆட்டம் நின்றுபோயிற்று என்று நினைத்து வீட்டுக்குத் திரும்பிவிட்டாள்.

அதை அவள் கூக்காவிடம் சொல்லவில்லை.

இரண்டாவது மணி அடித்தது. கூக்கா கயிற்றை அவள் கையில் கொடுத்தாள். "மூணாவத நீ அடி."

ஹசிந்தா கயிற்றைப் பிடித்தாள். இழுக்கவில்லை. அரங்கில் இருமல் கேட்டது. மாடத்திலிருந்து யாரோ விசில் அடித்தார்கள்.

"என்னம்மா?"

"கொஞ்சம் இருங்க."

கூக்கா அவள் முகத்தைப் பார்த்தாள். பிறகு திரையை விலக்கித் தலையை நீட்டி, "நடிகைக்கு வயித்துவலி!" என்று கத்தினாள்.

கயிற்றைப் பிடித்தபடியே ஹசிந்தா அந்தக் காலி நாற்காலியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

உங்கள் வீட்டில் காத்திருப்பவர் கண் பூத்துப்போகுமுன் வரவேண்டியவர் வந்து சேரட்டும், கண்ணுகளா.