கிணற்றுக்கு மேலே

பரிசலின் குறுக்கே பலகையை வைத்துக் கயிற்றால் இழுத்துக் கட்டினாள் தங்கமணி. அவளுடைய நைனா பூமாலை கரையோரத்து வேப்ப மர நிழலில் மாலையோடு கிடந்தார். விடியற்காலையில் வலை எடுத்து வந்தவர், உட்கார்ந்த வாக்கில் அப்படியே சாய்ந்து உயிரை விட்டுவிட்டார்.

"இன்னாம்மா பண்ற?" என்று வந்தார் சின்னதுரை, பூமாலையின் ஒரே தம்பி.

"அக்கரைக்கு இட்டுக்கினு போறேன் சித்தப்பா. அம்மா பக்கத்துலதான் வெக்கணும்னு சொல்லிக்கினே இருந்தாரு இல்ல?"

அம்மாவைப் புதைத்த இடம் அணைக்கு அந்தப் பக்கம், வடக்கனந்தல் போகும் வழியில். சாலையில் சுற்றிப் போனால் எட்டு மைல். இடஒதுக்கீடு கேட்டு மூன்று நாளாக மறியல் நடந்ததால், வழி நெடுக மரங்களை வெட்டிச் சாய்த்திருந்தார்கள். சின்னதுரையே முந்தாநாள் ஒரு புளியமரத்துக்குக் கோடரி பிடித்தவர்தான். அண்ணன் இப்படி அவசரப்படுவார் என்று அவர் கண்டாரா? பாடையைத் தூக்கிக்கொண்டு அத்தனை மரத்தையும் ஏறி இறங்க முடியாது.

"இங்கியே வெச்சிடலாம்மா. தண்ணி பாதிதான் கெடக்குது. முழுகுன மரத்துக் கட்டையெல்லாம் ஒரு சாண் ஆழத்துல நிக்கும். குத்துச்சின்னா அண்ணன் தண்ணியோட போயிடுவாரு. அவருக்குத்தான் வழி தெரியும்."

"எனக்கும் தெரியும்."

"பொணத்தோட பொம்பள வர்ற வழக்கம் நமக்குக் கெடையாது."

"வழி தெரிஞ்ச ஆம்பள யாருன்னு சொல்லுங்க. துடுப்ப குடுத்துடறேன்."

போன வருஷம் அண்ணனை முந்தப் போய், கட்டையில் பரிசலைக் கிழித்துக்கொண்டு நீந்திக் கரையேறியவர் சின்னதுரை. மற்ற நாளாக இருந்தால் யாராவது அதைச் சொல்லிச் சிரித்திருப்பார்கள்.

அணை வருவதற்கு முன்னால் அந்தத் தண்ணீர் நிற்கிற இடத்தில்தான் பூமாலையின் மூன்று ஏக்கர் நிலம் இருந்தது. புளியமரம் நின்ற இடத்தில் கெளுத்தி ஒதுங்கும், கல்வேலி ஓரத்தில் விரால் கிடக்கும் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். "மத்தவன் தண்ணியில மீன் புடிக்கிறான். நான் எங்கொல்லையில புடிக்கிறேன்" என்பார், மீசையைத் தடவிக்கொண்டு. இருபது வருஷம் அவரோடு துடுப்புப் போட்டவள் தங்கமணி.

நாலு பேர் தூக்கி அவரைப் பலகைமேல் கிடத்தினார்கள். அவள் பரிசலைத் தள்ளி ஏறினாள். பின்னால் இரண்டு பரிசல்கள், அவள் போன தடத்தை விட்டு ஒரு முழம் விலகாமல் வந்தன.

மலையின் வெள்ளைப் பாறையும் அக்கரையின் ஒற்றைப் பனையும் ஒரே நேராக வருகிறதா என்று பார்த்துக்கொண்டே போனாள். வலது பக்கம் புளியங்கட்டை, இடது பக்கம் கல்வேலி. எதுவும் பரிசலில் உரசவில்லை. அழுகையைவிட, இவருடைய மகள் நான் என்ற பெருமைதான் அவளுக்குப் பெரிதாக இருந்தது. பனை பாறையை மறைத்ததும் துடுப்பைத் தூக்கிவிட்டாள்.

"இன்னாம்மா, வழி தப்பிடுச்சா?" பின்னாலிருந்து சின்னதுரை பதறினார்.

"இல்ல சித்தப்பா. அடியில நம்ம கெணறு."

தினமும் இந்த இடத்தில் பரிசலை நிறுத்தி ஒரு கை அள்ளிக் குடித்துவிட்டுத்தான் பூமாலை வலை போடுவார். தங்கமணி குனிந்து அள்ளினாள். நைனாவின் உதட்டில் விட்டாள். தண்ணீர் தாடையில் வழிந்து மாலையை நனைத்தது.

சின்னதுரை பாறையைப் பார்த்தார், பனையைப் பார்த்தார். மீசை முளைக்காத வயதில் அண்ணனோடு சேர்ந்து அவர் வெட்டிய கிணறு. துடுப்பை மடியில் வைத்துவிட்டு, தானும் ஒரு கை அள்ளிக் குடித்தார். வாயைத் துண்டால் துடைக்க வெகுநேரம் ஆயிற்று.

"போம்மா. குழி வரைக்கும் நீயே முன்னால போ."

தங்கமணி துடுப்பைத் தண்ணீரில் இறக்கினாள். பாறையை விட்டுப் பனை மெல்ல விலகியது.